வேலிக்கும் கடலுக்கும் நடுவே: பேரூமில் ஒன்பது ஆண்டுகள்

2016 ஆகஸ்டில் என் கணவருக்கு ஃபோர்னெபுவில் வேலை கிடைத்து, ஒன்றரை வயது மகளுடன் நாங்கள் நார்வேக்குப் புறப்பட்டபோது, ஒஸ்லோவுக்குப் போகிறோம் என்றுதான் தூத்துக்குடியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தோம். வந்து சேர்ந்து, முகவரியைப் பதிவு செய்யப் படிவம் நிரப்பியபோதுதான் நாங்கள் குடியேறியிருப்பது ஒஸ்லோவில் அல்ல, அதன் மேற்கு எல்லையை ஒட்டி, நிலத்துக்குள் நீண்டு நுழையும் கடற்கழியான ஒஸ்லோ ஃபியோர்டின் கரையில் அமைந்த பேரூம் என்னும் தனி நகராட்சியில் என்பது தெரிந்தது. இங்கு 1,30,000 பேர் வாழ்கிறார்கள். மக்கள்தொகையில் நார்வேயின் ஐந்தாவது பெரிய நகராட்சி இது. வருமானத்திலும் கல்வியிலும் நாட்டின் முன்வரிசையில் இருப்பது, சொத்து வரி வசூலிக்காத நகராட்சிகளுள் ஒன்று, பேரூமின் மையமான சாண்ட்விகாவில் ரயில் ஏறினால் ஏறத்தாழ கால் மணி நேரத்தில் தலைநகரின் மையத்தில் இறங்கிவிடலாம் என்றெல்லாம் கேள்விப்பட்டபோது, இப்படிப்பட்ட ஊரில் நமக்கு என்ன இடம் இருக்கும் என்ற தயக்கமே முதலில் எழுந்தது. இதே தயக்கத்துடன் இங்கு வரும் தமிழ்க் குடும்பங்களை ஒவ்வோர் ஆண்டும் சந்திக்கிறேன். நாங்கள் தட்டுத் தடுமாறிக் கற்றவை அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த ஊர் எப்படி உருவானது என்பதை அறிந்துகொண்டால் அதன் இன்றைய இயல்பும் விளங்கிவிடும். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கே பண்ணைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தன. அவற்றோடு, 1610-இல் தொடங்கிய பேரூம்ஸ் வெர்க் இரும்பாலையும் இருந்தது. அந்த ஆலையை 18-ஆம் நூற்றாண்டில் அன்னா கிரெஃப்டிங் என்ற பெண்மணி அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிர்வகித்திருக்கிறார். 1872-இல் ஒஸ்லோவிலிருந்து டிராம்மன் நகருக்கு இருப்புப்பாதை போடப்பட்டதும், நகரத்துச் செல்வர்கள் லீசாக்கர், ஹோவிக், சாண்ட்விகா நிலையங்களைச் சுற்றி ஆப்பிள் தோட்டம் சூழ்ந்த மரவீடுகளைக் கட்டத் தொடங்கினார்கள். நிலம் அன்று தாராளமாகக் கிடைத்தது. இன்று அந்தத் தோட்டங்களைத் துண்டாக்கி இரண்டு மூன்று வீடுகள் எழுப்பலாமா கூடாதா என்பது இங்கு ஓயாத விவாதமாக இருக்கிறது. இன்னொரு திருப்பம் ஃபோர்னெபு. 1939-இல் அந்தத் தீபகற்பத்தில் திறக்கப்பட்ட ஒஸ்லோவின் விமான நிலையம் 1998 அக்டோபரில் ஒரே இரவில் கார்டர்மோனுக்கு இடம்பெயர்ந்தது. ஓடுதளம் இருந்த பரப்பில் அலுவலகங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் வந்தன. நடுவில் 2008-இல் நான்சன் பூங்கா திறக்கப்பட்டது. பழைய கட்டுப்பாட்டுக் கோபுரம் இன்னும் அங்கேயே நிற்கிறது. இப்போது கட்டப்பட்டுவரும் மெட்ரோ பாதையின் ஆறு நிலையங்களில் ஒன்றுக்கு அந்தக் கோபுரத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

எங்கள் முதல் வீடு, அப்படிப்பட்ட பழைய தோட்ட வீடு ஒன்றின் கீழ்த்தளம். மேலே உரிமையாளர் குடும்பம், கீழே பாதி மண்ணுக்குள் இறங்கிய இரண்டு அறைகளில் நாங்கள். பேரூமில் வாடகைக்கு வருபவர்களில் பலரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். அதில் தவறு ஒன்றுமில்லை. நாங்கள் செய்த தவறு வேறு. மூன்று மாத வாடகையை முன்பணமாகத் தம் சொந்த வங்கிக் கணக்கில் செலுத்தும்படி உரிமையாளர் கேட்டார். நம் ஊரில் அட்வான்ஸ் கொடுப்பது போலத்தானே என்று யோசிக்காமல் செலுத்திவிட்டோம். இரண்டு ஆண்டுகள் கழித்துக் காலி செய்தபோது, சுவருக்கு வண்ணம் பூச வேண்டும், தரையில் கீறல் இருக்கிறது என்று சொல்லி அவர் பணத்தைத் தர மறுத்தார். குடிவந்த அன்று சுவரும் தரையும் எப்படி இருந்தன என்பதைக் காட்ட எங்களிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை. வாடகைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அரசுக் குழுவிடம் முறையிட்டு, பல மாதங்கள் காத்திருந்து, பாதித் தொகையைத் திரும்பப் பெற்றோம்.

நார்வே வாடகைச் சட்டத்தின்படி முன்பணம் குடியிருப்பவரின் பெயரில் திறக்கப்படும் தனி வைப்புக் கணக்கில்தான் இருக்க வேண்டும். ஆறு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. வீட்டுக்காரர் அதைத் தன்னிச்சையாக எடுக்கவும் முடியாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, இரண்டாவது வீட்டுக்குச் சென்ற நாளில் பெட்டிகளைப் பிரிக்கும் முன்பே ஒவ்வொரு சுவரையும், குளியலறை மூலையையும், அடுப்பின் உட்புறத்தையும் படமெடுத்து, இரு தரப்பும் கையொப்பமிட்ட ஒப்படைப்புத் தாளோடு சேர்த்து வைத்தேன். புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். அடுத்ததாகச் சொல்வது, வீடு மாறினால் எட்டு நாட்களுக்குள் புதிய முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது. குழந்தையின் பள்ளி, மருத்துவர் என எல்லாமே அந்த முகவரியைப் பின்தொடர்ந்துதான் வரும்.

குழந்தைகள் காப்பகம் விஷயத்திலும் அறியாமையால் ஐந்து மாதங்கள் இழந்தோம். பார்னேஹாகே எனப்படும் இந்தக் காப்பகங்களில் ஆகஸ்ட் மாதச் சேர்க்கைக்கான விண்ணப்பத்தை அந்த ஆண்டின் வசந்த காலத் தொடக்கத்திலேயே அனுப்பிவிட வேண்டும். உரிய காலத்தில் விண்ணப்பித்தால் ஒரு வயது நிரம்பிய குழந்தைக்கு இடம் கிடைப்பது சட்டப்படியான உரிமை. நாங்களோ ஆகஸ்டில் வந்து இறங்கியவர்கள். அடுத்த ஆண்டுதான் என்று எண்ணி விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டோம். ஆண்டின் நடுவில் காலியாகும் இடங்களுக்கும் விண்ணப்பிக்கலாம் என்று நூலகத்தின் மொழிப் பழக்கக் கூட்டத்தில் சந்தித்த ஒரு தாய் சொன்னபோது டிசம்பர் வந்துவிட்டது. ஜனவரியில் மகளுக்கு இடம் கிடைத்தது. அன்று நாங்கள் செலுத்திய மாதக் கட்டணம் இன்றைக்கு இருப்பதைப்போல் இரு மடங்குக்கும் அதிகம். 2025 ஆகஸ்டிலிருந்து அதிகபட்சக் கட்டணம் மாதத்துக்கு 1200 குரோனர் என்று அரசு குறைத்திருக்கிறது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அதிலும் சலுகை உண்டு. செல்வந்தர் வீட்டுப் பிள்ளையும் புதிதாக வந்தவர் பிள்ளையும் ஒரே மணற்குழியில் விளையாடுவது இந்த உச்சவரம்பால்தான் இயல்பாக நடக்கிறது என்று நான் நம்புகிறேன்.

காப்பகத்துக்கு அனுப்பிய முதல் வாரமே தொலைபேசி அழைப்பு வந்தது. மகளின் உடை முழுவதும் நனைந்துவிட்டது, மாற்று உடையும் பருத்தியாகவே இருக்கிறது, கம்பளி ஏதாவது கொண்டுவர முடியுமா என்று ஆசிரியை மிகப் பொறுமையாகக் கேட்டார். நான் ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த பருத்திச் சட்டைகளையும் அவற்றின்மேல் ஒரு கனத்த ஜாக்கெட்டையும் போட்டு அனுப்பியிருந்தேன். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலைக் குளிரச் செய்யும், கம்பளி நனைந்தாலும் சூடு காக்கும் என்பதை அந்த ஆசிரியையிடம்தான் கற்றேன். உடலை ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி, அதன்மேல் தடித்த கம்பளியோ ஃபிளீஸோ, வெளியே நீர்புகா உடை என்று மூன்று அடுக்கு போதும். ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். காப்பக நுழைவில் ஆள் உயர உலர்த்தும் அலமாரி ஒன்று உண்டு. மாலை நாலரைக்கு நான் போகும்போது அதனுள் இருபது சிறு கையுறை ஜோடிகள் கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கும். கதவைத் திறந்தால் சூடான ஈரக் கம்பளி மணம் முகத்தில் அடிக்கும். பூஜ்யத்துக்குக் கீழே வெப்பநிலை இறங்கிய நாட்களிலும் சின்னஞ்சிறு குழந்தைகள் கூரைக்கடியில் வரிசையாக நிறுத்திய தள்ளுவண்டிகளில், கம்பளிப் பைக்குள் கன்னம் சிவக்க உறங்குவார்கள். முதல் முறை பார்த்தபோது எனக்கு மனம் பதறியது. பிறகு என் மகளே அப்படி வெளியில் உறங்கினால்தான் இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்குவாள் என்றானது.

குளிர்காலம் குறித்துப் பலரும் எழுதிவிட்டார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, காலணியில் மாட்டிக்கொள்ளும் முள்பட்டையும், இருட்டில் வாகன விளக்குக்கு ஒளிரும் பிரதிபலிப்புப் பட்டையும், நாளுக்கொரு கரண்டி மீன் எண்ணெயும் இல்லாமல் இருக்காதீர்கள். பனிச்சறுக்குக் கட்டைகளை உடனே விலை கொடுத்து வாங்க வேண்டாம். அவற்றை இலவசமாகக் கடன் கொடுக்கும் மையங்கள் இருக்கின்றன. சறுக்குவதற்கு இடம் தேடவும் வேண்டாம். நகராட்சியின் பெரும்பகுதி மார்கா எனப்படும் காடுதான். 2009-ஆம் ஆண்டுச் சட்டம் அதில் கட்டடம் எழும்பாமல் காக்கிறது. மரத்தில் நீல அடையாளம் இருந்தால் நடைபாதை, சிவப்பு இருந்தால் பனிச்சறுக்குத் தடம். சாண்ட்விகாவுக்கு வடக்கே தெரியும் கொல்சோஸ் குன்றை 1895-இன் குளிர்காலத்தில் இங்கு வந்து தங்கிய ஓவியர் குளோட் மோனே திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். ஜப்பானின் ஃபூஜி மலையை அது நினைவூட்டுவதாகக் கடிதத்திலும் எழுதியிருக்கிறார். மொழி வகுப்புக்குப் போகும் காலைகளில் அந்தக் குன்றின் மேல் படிந்த இளஞ்சிவப்பு வெளிச்சம் எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

இங்குள்ள மக்களோடு பழகுவது எப்படி என்பதுதான் எனக்கு நெடுநாள் விளங்காத ஒன்று. எட்டு மாதங்கள் ஒரே தெருவில் இருந்தும் பக்கத்து வீட்டாரோடு தலையசைப்பைத் தாண்டிப் பேச்சு வளரவில்லை. உயிர்வேலிகள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தன. நாங்கள் வெளிநாட்டவர் என்பதால்தான் ஒதுங்குகிறார்களோ என்று நான் மனத்துக்குள் புழுங்கியதும் உண்டு. ஏப்ரல் மாதக் கடைசியில் அஞ்சல் பெட்டியில் ஒரு சீட்டுக் கிடந்தது. வரும் சனிக்கிழமை பத்து மணிக்கு டுக்னாட், வாருகோலும் கையுறையும் கொண்டுவரவும் என்று இருந்தது. டுக்னாட் என்பது ஊர்கூடிச் செய்யும் ஊதியமில்லா வேலை. நம் கிராமங்களில் கண்மாய்க் கரையை எல்லோரும் சேர்ந்து பலப்படுத்துவார்களே, அதற்கு ஒப்பானது. பனி உருகியதும் சாலையோரத்துச் சரளைக் கற்களைக் கூட்டுவது, அழுகிய இலைகளை வாருவது, குழந்தைகளின் ஊஞ்சலுக்கு எண்ணெய் விடுவது எல்லாம் அன்று நடக்கும். நிறுவனத் தலைவராக இருக்கும் ஒருவர் சேறு படிந்த கால்சட்டையோடு என் கணவருடன் சேர்ந்து கைவண்டி தள்ளினார். பன்னிரண்டு மணிக்கு ஒரு மேசையில் ஃபிளாஸ்க் காப்பியும் வாஃபிளும் வைத்தார்கள். நான் மசால் வடை சுட்டுக் கொண்டுபோயிருந்தேன். இருபது நிமிடத்தில் தட்டு காலியானது.

அந்த இரண்டு மணி நேரத்தில் எட்டு மாதங்களில் அறியாத பெயர்களையெல்லாம் அறிந்தேன். இங்கு யாரும் தானாக வந்து கதவைத் தட்ட மாட்டார்கள், அது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். ஆனால் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் யாரையும் அந்நியராகப் பார்ப்பதில்லை. ஆகவே டுக்னாட், பள்ளி விழா, குழந்தைகளின் கால்பந்துக் குழுவுக்குக் கேக் விற்பது என்று எது வந்தாலும் முதல் ஆண்டில் ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள். இன்னொரு தயக்கத்தையும் கடக்க வேண்டியிருக்கும். இங்கே ஆசிரியர், மருத்துவர், எழுபது வயது மூதாட்டி என எல்லோரையும் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு ஓராண்டு ஆனது. ‘அம்மா’ என்று அழைக்கட்டுமா என்று நான் ஒருமுறை கேட்டபோது, அந்தச் சொல்லின் பொருளை விளக்கமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்று முதல் அதற்கே பதில் தருகிறார்.

கடற்கரையை எனக்குத் திறந்துவிட்டவரும் அவர்தான். நான் கடலோரம் பிறந்தவள். வந்த முதல் வாரமே கடலைத் தேடிப் போனேன். சாலையிலிருந்து பார்த்தால் ஃபியோர்டு கண்ணுக்கெதிரே மின்னியது. ஆனால் அதற்கும் எனக்கும் நடுவில் வரிசையாகத் தோட்டங்களும் படகுத்துறைகளும் இருந்தன. ஒரு சந்தின் வழியே இறங்கிப் பாறைமேல் நின்றபோது, மேலே இருந்த வீட்டிலிருந்து ஒருவர் இது தனியார் இடம் என்று குரல் கொடுத்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மகளைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அதன் பிறகு பல மாதங்கள் கடல் பக்கமே போகவில்லை.

டுக்னாட் முடிந்த ஒரு மாலையில் இதைக் கேட்ட பாட்டி, உடனே வரைபடத்தை எடுத்துவந்து மேசையில் விரித்தார். 1957-ஆம் ஆண்டு இயற்கைவெளிச் சட்டம் நார்வேயில் எல்லோருக்கும், குடியுரிமை உள்ளவரோ இல்லாதவரோ, திறந்த நிலத்தில் நடக்கும் உரிமையைத் தருகிறது. நிலத்தின் சொந்தக்காரர் யாராக இருந்தாலும் காடு, பாறைக் கரை, கடலோரம் ஆகியவற்றில் நடக்கலாம், உட்காரலாம், வீடுகளிலிருந்து தக்க தொலைவில் நீந்தலாம். குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டருக்கு அப்பால் இரண்டு இரவுகள் கூடாரமும் அடிக்கலாம். வீட்டு முற்றம், தோட்டம், பயிர் நிலம் ஆகியவற்றுக்கு இந்த உரிமை பொருந்தாது. நான் நின்ற பாறை எதற்குள் வரும் என்பதை வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, அது தோட்டத்துக்கு மிக அருகில் இருப்பதால் ஐயத்துக்கு இடமானது என்று அவர் நேர்மையாகச் சொன்னார். ஆனால் அங்கிருந்து இருநூறு மீட்டர் தள்ளி நான் அச்சமின்றி இறங்கியிருக்கலாமாம்.

அந்தக் கோடையில் கடலோரப் பாதை முழுவதையும் துண்டு துண்டாக நடந்து முடித்தோம். லீசாக்கரில் தொடங்கி, ஃபோர்னெபு தீபகற்பத்தைச் சுற்றி, ஹோவிக்கோடன் முனையைக் கடந்து, சாண்ட்விகாவுக்கு அப்பாலும் செல்கிறது இது. சில இடங்களில் நீருக்கு ஒட்டியே போகும், சில இடங்களில் தனியார் தோட்டங்களுக்காக மேலேறித் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மீண்டும் இறங்கும். ஹோவிக்கோடனில், மூன்று முறை ஒலிம்பிக் தங்கம் வென்ற பனித்தளச் சறுக்கு நடன வீராங்கனை சோன்யா ஹெனியும் அவர் கணவர் நீல்ஸ் ஓன்ஸ்டாடும் 1968-இல் திறந்துவைத்த கலைக்கூடம் இருக்கிறது. சுற்றியுள்ள சிற்பங்களைக் காணக் கட்டணம் கிடையாது, கீழே குளிக்கும் கரையும் உண்டு. சாண்ட்விகாவிலிருந்து நடைபாலம் வழியே கால்வோயா தீவுக்குப் போகலாம். புதிதாக வருபவர்கள் குழந்தைகளோடு தொடங்க ஃபோர்னெபுவின் ஸ்டோரோயா கரை மிக ஏற்றது. ஆழமற்ற நீர், புல்வெளி, கழிப்பறை, பேருந்து எல்லாம் அங்கு இருக்கின்றன.

குளிர்நீரில் இறங்கவும் பாட்டியே பழக்கினார். அக்டோபர் காலைகளில் குளியல் அங்கியும் கம்பளித் தொப்பியுமாக அவர் துறைக்கு நடந்துபோவார். துறையின் ஏணியில் கயிற்றில் கட்டிய வெப்பமானி தொங்கும், அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு டிகிரி என்று சொல்லிவிட்டு இறங்குவார். தலையை நனைக்காதே, மூச்சைச் சீராக விட்டுக்கொண்டே மெல்ல இறங்கு, ஒரு நிமிடம் போதும், தனியாக ஒருபோதும் இறங்காதே என்பவை அவர் எனக்குக் கொடுத்த விதிகள். மூன்றாவது வாரம் முழங்கால் வரை, ஐந்தாவது வாரம் கழுத்து வரை இறங்கினேன்.

இந்தச் செழிப்பைச் சொல்லும்போது ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். கரையில் கோடிகள் பெறும் வீடுகள் நிற்கின்றன, அவற்றின் முன்னே இருக்கும் கடலோ நோயுற்றிருக்கிறது. ஒஸ்லோவின் பெரும்பகுதி, பேரூம், ஆஸ்கர் ஆகியவற்றின் கழிவுநீர், பாறையைக் குடைந்த சுரங்கம் வழியே ஸ்லெம்மெஸ்டாடில் உள்ள வெயாஸ் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய் நைட்ரஜன் நீக்கப்பட்டே கடலில் கலக்கிறது. ஆனால் ஃபியோர்டைச் சுற்றியுள்ள வேறு பல நிலையங்களில் அந்த வசதி இன்னும் இல்லை. வயல்களிலிருந்து உரமும் மண்ணும் ஆறுகள் வழியே வந்து சேர்கின்றன. நீர் சூடாகிறது, இழைப்பாசி மண்டுகிறது, அடியில் உயிர்வளி குறைகிறது. டோர்ஸ்க் எனப்படும் காட் மீன், நார்வேக்காரர்களின் உணவுக்கும் வரலாற்றுக்கும் அடிப்படையான மீன், இங்கு ஏறக்குறைய அற்றுப்போய்விட்டது. 2019 முதல் ஸ்வீடன் எல்லை தொடங்கித் தெலெமார்க் வரையிலான கடற்பகுதியில் அதைப் பிடிக்கவே தடை. தன் சிறுவயதில் துறையிலிருந்தே தூண்டில் போட்டு இரவுச் சாப்பாட்டுக்கு டோர்ஸ்க் பிடித்ததைப் பாட்டி சொல்லும்போது, முத்துக் குளித்த காலத்தை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுதான் எனக்கு நினைவுக்கு வரும். வசதி மிகுந்த நகராட்சி தன் வரி வருவாயில் ஒரு பகுதியை வசதி குறைந்தவற்றுக்கு விட்டுக்கொடுக்கும் முறையை இந்த நாடு நெடுங்காலமாக வைத்திருக்கிறது. கடலுக்கும் அதே அக்கறை கிடைக்க வேண்டும் என்று நகராட்சிக் கூட்டத்தில் பேசுபவர்களை நான் பார்வையாளர் இருக்கையிலிருந்து கேட்டிருக்கிறேன். உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்க நார்வே குடியுரிமை தேவையில்லை, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இங்கே வாழ்ந்திருந்தால் போதும் என்பதையும் புதியவர்கள் அறிந்திருக்க வேண்டும். 2019-இல் நான் முதல் முறை வாக்களித்தேன்.

மகளுக்கு இப்போது பத்து வயது. கடலில் தூண்டில் போட இங்கே உரிமச்சீட்டு வேண்டியதில்லை என்பதால், ஜூலையில் மாக்ரெல் மீன் உள்ளே வரும் நாட்களில் இருவரும் மாலையில் துறைக்குப் போய்விடுவோம். அது நம் அயிலைக்கு ஒன்றுவிட்ட உறவு, மஞ்சளும் மிளகாயும் தடவிப் பொரித்தால் வேறுபாடே தெரியாது. போன கோடையில் நாலாவது மீனாக அவள் தூண்டிலில் வந்தது வேறு விதமாக இருந்தது. பழுப்பு உடல் முழுக்கப் புள்ளிகள், பக்கவாட்டில் வெளிறிய ஒரு கோடு, தாடைக்குக் கீழே ஒற்றை மீசை. உள்ளங்கை நீளம்தான் இருக்கும். டோர்ஸ்க், என்று அவள் மெல்லச் சொன்னாள். கையை முதலில் கடல்நீரில் நனைத்துக்கொண்டாள். கொக்கியை வந்த வழியே பின்னோக்கித் தள்ளிக் கழற்றினாள். ஏணியின் கடைசிப் படியில் மண்டியிட்டு, மீனைத் தண்ணீருக்குள் இரு கைகளாலும் ஏந்திப் பிடித்தபடி, அது வாலை அசைக்கும்வரை காத்திருந்தாள். துறையில் நின்றிருந்த வேறு மூன்று பிள்ளைகளும் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்கள்.